பன்னீர்ப் போத்தல்

ஆய்வுகூடத்திலிருந்து அழைப்பு வந்தபோது துஷ்யந்தி குவாட்டர்ஸ் அறையில் தனியாக உட்கார்ந்து பாணைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், நீங்க அனுப்பின போத்தல்ல கிருமி வளந்திருக்கு."

"எது?"

"அதேதான். மர்லியாட ரத்தத்தில வந்தது, ஜெயராசா ஐயாட கழுத்தில வந்தது, இது, எல்லாம் ஒண்ணுதான். நீங்க கடையில வாங்கித் தந்த சீல் ஒடைக்காத போத்தல் சுத்தம்."

நன்றி சொல்லி வைத்தாள். பாண் கரைந்து கோப்பைக்குள் விழுந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அந்தப் பன்னீர்ப் போத்தலை அவள் மாமியார் கனகத்திடம் கேட்டு வாங்கியிருந்தாள். கனகத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "வீட்டு ஞாபகம் வந்திடுச்சாம்மா?" என்று கேட்டு, போத்தலைச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தார். கூடவே ஒரு பொட்டலம் முறுக்கும் கொடுத்தார். இது பரிசோதனைக்கு என்று துஷ்யந்தி சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

கடைத்தெரு வீட்டை விட்டு அவள் வந்து எட்டு மாதம். பதுளையில் மூன்று தலைமுறையாகப் பூசைச் சாமான் கடை நடத்தும் குடும்பம் அது. ஆஸ்பத்திரி வேலை போதும், இனிக் கல்லாவில் உட்கார் என்று கணவன் ரமணன் ஒருநாள் சொன்னான். அவள் மாட்டேன் என்றாள். யாழ்ப்பாணத்து உத்தியோகக்காரர் வீட்டுத் திமிர் என்றான். அவள் பையை எடுத்தாள். கனகம் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

ரமணன் சொன்னவை இப்போது பாதி மறந்துவிட்டன. படியில் நின்ற அந்த மௌனம் மறக்கவில்லை.

சிறுநீரகம் பழுதான கனகம் செவ்வாயும் வெள்ளியும் இதே ஆஸ்பத்திரிக்குத்தான் இரத்தச் சுத்திகரிப்புக்கு வருகிறார். இருவரும் வாரத்தில் இரண்டு முறை பார்த்துக்கொள்வார்கள். சாப்டியா என்று ஒருவர் கேட்பார். ஓம் மாமி என்று மற்றவள் சொல்வாள். அவ்வளவுதான்.

துஷ்யந்தி இங்கே தொற்றுத் தடுப்புத் தாதி. ஒரு நோய்க்கு வந்தவர்கள் ஆஸ்பத்திரியிலேயே இன்னொரு நோயை வாங்கிக்கொண்டு போகாமல் பார்ப்பது அவள் வேலை. அவளைக் கண்டதும் எல்லோரும் கை கழுவுவார்கள். கண்டீனில் அவள் போய் உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் பேச்சுக் குறையும்.

இந்த மாதம் சுத்திகரிப்புப் பிரிவில் மூன்று பேருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. மூவருக்கும் சுத்திகரிப்புக்காகக் கழுத்தில் குழாய். மூவரும் செவ்வாய், வெள்ளி காலையில் வருபவர்கள். தண்ணீர்த் தாங்கி, குழாய் வாய், சவர்க்காரப் போத்தல், மெஷினின் முதுகு எல்லாவற்றையும் அவள் துடைத்தெடுத்து ஆய்வுக்கு அனுப்பினாள். எல்லாம் சுத்தமாக இருந்தது. பிறகு ஒருநாள் மூவரில் ஒருவரான ஜெயராசாவின் கழுத்துப் பிளாஸ்டரைப் பார்க்கக் குனிந்தபோது பன்னீர் மணந்தது. அந்த மணம் எத்தனையோ நாளாக அங்கே இருந்தது. தன் புகுந்த வீட்டு மணம் என்பதால் அதை அவள் ஒருமுறைகூடச் சந்தேகிக்கவில்லை.

அதற்குள் நிர்வாகி ஆளைப் பிடித்துவிட்டார். காலை முறையில் பிளாஸ்டர் மாற்றுபவன் சஜீவன். தெமோதரையிலிருந்து பஸ்ஸில் வரும் தாதி, இரண்டு பிள்ளைக்காரன். அவன் கை சுத்தமில்லை என்று முடிவாகியிருந்தது. இன்று பின்னேரம் கூட்டம். கூட்டம் முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

காய்ச்சல் வந்த மூவரில் லுணுகலை மர்லியா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறாள்.

துஷ்யந்தி கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு இறங்கினாள்.

ரமணனின் வேன் வாசலில் நின்றது. கனகம் உள்ளே போய்விட்டிருந்தார். ரமணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மழை இல்லை. ஆனாலும் துடைத்தான்.

"என்ன, மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

அவள் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள்.

"நம்ம கடைப் பன்னீரா?"

"கடைப் பன்னீர் சுத்தம். மாமி அதில தண்ணியும் சந்தனமும் கலந்து வச்சிருக்கிறா. கலந்ததிலதான் கிருமி."

"அப்ப கடையில பிழை இல்ல."

அவள் அவனைப் பார்த்தாள்.

"சரி, சரி. அப்டிப் பாக்காத. வாய்ல வந்திருச்சு." துணியை மடித்தான். "அம்மாட்ட சொல்லாத துஷ்யந்தி. போத்தல வீசிடு. இனிமே அவங்க எதுவும் கொண்டு வராம நான் பாத்துக்கறேன். முடிஞ்சு போச்சு."

"சஜீவனை அனுப்பப் போறாங்கள்."

"ஒனக்குத்தான் எழுதத் தெரியுமே. வெளியில இருந்து வந்த பொருள்னு எழுது. யாரோடதுன்னு எதுக்கு?"

"வேற ஆருக்கெல்லாம் குடுத்தவ எண்டு மாமியைத்தானே கேக்க வேணும்? ஒரு போத்தல் மட்டுந்தான் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

ரமணன் மடித்த துணியை மறுபடி விரித்தான். ஒரு ஆட்டோ உள்ளே வர இடம் கேட்டு ஹோர்ன் அடித்தது. அவன் நகரவில்லை.

"அங்க இருக்கறவங்கள விட்டா அம்மாவுக்கு யாரும் இல்ல. காலையில நான் கடைக்குப் போயிடுவேன். செவ்வாக்கிழமை வருதான்னு காலண்டரப் பாத்துட்டு இருப்பாங்க. ஊசி குத்திக்கறதுக்கு யாராவது இப்டி ஆசப்படுவாங்களா? வீட்ல வேற யாரு இருக்கா? நீயும்..."

அவன் முடிக்கவில்லை. அவளும் முடித்துக் கொடுக்கவில்லை.

சுத்திகரிப்புப் பிரிவில் இன்று மூன்று நாற்காலிகள் காலி. கனகம் ஜன்னலோரம் சாய்ந்திருந்தார். இடது கையில் இரண்டு ஊசிகள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"வாம்மா. சாப்டியா?"

"ஓம் மாமி."

"பொய். ஒன் கண்ணு சொல்லுதே." வலது கையால் காலடியிலிருந்த பையைத் தொட முயன்றார். "பன்னீர் தீந்திருச்சா? இன்னொண்ணு கொண்டாந்திருக்கேன். ஜெயராசா அண்ணன் இன்னிக்கும் வரலியே. மர்லியாவுக்கு எப்டி இருக்கு?"

துஷ்யந்தி சிறிய ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கனகத்தின் அருகில் அவள் உட்கார்ந்து எட்டு மாதமாகியிருந்தது. கனகத்துக்கும் அது தெரிந்தது. தலையணையில் தலையைச் சற்றுத் திருப்பி மருமகளை முழுதாகப் பார்த்தார்.

"மாமி, நீங்கள் தந்த போத்தலை நான் வீட்டு ஞாபகத்தில கேக்கேல்லை. பரிசோதனைக்குக் குடுத்தன்."

"எதுக்கு?"

"அதுக்குள்ள கிருமி இருக்கு. மூண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தது அந்தக் கிருமியாலதான்."

கனகம் சிரித்தார். "பன்னீர்லயா? சாமிக்கு ஊத்துற பன்னீரும்மா."

"பன்னீரில இல்லை. கலந்த தண்ணியில. போத்தலைக் கழுவாமல் மேல மேல ஊத்தியிருக்கிறியள்."

"கழுவ மாட்டேன். அடியில சந்தனம் நிக்கும்ல. அத எதுக்கு வீணாக்கணும்?" குரல் கொஞ்சம் இறங்கியது. "நேரா போட்டா வாசம் தூக்கலா இருக்கு, கொமட்டுதுன்னாங்க. அதான் தண்ணி கலந்தேன். பிளாஸ்டர் ஓரத்துல அப்டி அரிக்குமாம். சொரியவும் முடியாதே. பஞ்சுல தொட்டு வச்சா குளுந்து போச்சுன்னு சொல்லுவாங்க. மர்லியா கண்ண மூடிக்கிட்டு இன்னும் கொஞ்சம் வைங்க அக்கான்னு கேக்கும்."

"தெரியும் மாமி."

"கை கழுவிட்டுத்தாம்மா வச்சேன். செவுத்துல நீ படம் ஒட்டி வச்சிருக்கியே, அதே மாதிரி. வெரலுக்கு நடுவுலயும். கட்ட வெரலத் தனியா."

துஷ்யந்தி தரையைப் பார்த்தாள்.

"உங்கட கை சுத்தம். போத்தல்தான் சுத்தமில்லை. கழுத்துக் குழாய் நேரா இரத்தத்துக்குப் போற வழி மாமி. பிளாஸ்டர் ஓரம் நனைஞ்சால் காணும். அதால இறங்கிடும்."

"எனக்கு ஒண்ணும் ஆகலியே."

"உங்களுக்குக் கழுத்தில குழாய் இல்லை."

கனகம் தன் கையிலிருந்து போகும் சிவப்புக் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் பார்த்தார். எழுந்து போக முடியாது. முகத்தை மறைக்கவும் ஒரு கைதான் இருந்தது. அதையும் அவர் தூக்கவில்லை.

"என்னங்கம்மா, மருமக திட்டுறாங்களா?" சஜீவன் மெஷினின் எண்களைப் பார்க்க வந்திருந்தான். "எங்களையும் இப்டித்தான். கைய கழுவிக் கழுவி ரேகையே அழிஞ்சு போச்சு. போன வாரம் தோட்டத்துக்கு வந்த ஜோசியக்காரன் என் கையப் பாத்துட்டு, தம்பி நீ இன்னும் பொறக்கவே இல்லங்கறான்."

யாரும் சிரிக்கவில்லை. அவன் இருவரையும் பார்த்தான். எண்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனான்.

"இவனத்தான் அனுப்பப் போறாங்களா?" என்று கனகம் கேட்டார். நாற்காலிகளுக்கிடையே எந்தச் செய்தியும் ஓரிடத்தில் நிற்காது.

"ஓம்."

மெஷின் ஒரு சுற்றுச் சுற்றியது.

"மாமி, வேற ஆருக்கும் இதைக் குடுத்தனீங்களா?"

கனகம் காலடியிலிருந்த பையைப் பார்த்தார்.

"மர்லியாவோட அம்மா ஜெமீலாட்ட ஒரு சின்னப் போத்தல். வெள்ளிக்கிழமை, நீ வாங்கிட்டுப் போறதுக்கு முன்னால. மக ராத்திரியில அரிக்குதுன்னு அழுவுதுன்னா."

துஷ்யந்தி எழுந்துவிட்டாள்.

"நில்லு. நான் வந்து சொல்றேன். என் பொருள் அது."

"நீங்கள் வரும்வரைக்கும் அது அங்க இருக்க ஏலாது."

ஓடக் கூடாது என்று அவளே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த நடைபாதையில் அவள் ஓடினாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் ஜெமீலா உட்கார்ந்திருந்தார். மர்லியாவின் தாய். மடியில் கைப்பை.

"பன்னீரா? இதுலதான் ஈக்கி மிஸ்." பையைத் திறந்தார். இருமல் மருந்துப் போத்தல் ஒன்றில் பாதிக்கு வெளிறிய மஞ்சள் நீர். மூடி இறுக்கமாக இருந்தது. "எங்க போடுறது? புள்ளக்கி கிட்ட விடுறாங்க இல்லியே. கண்ணாடியால பாத்துட்டுப் போங்கங்கறாங்க. நீங்கதான் விட வேணாம்னு சொன்னதாம்."

"ஓம். நான்தான்."

"நேத்து உங்கள நல்லா ஏசினேன் மிஸ். கல்லு மனசுக்காரின்னு."

"பரவாயில்லை. இதை நான் கொண்டு போறன்."

"ஏன் மிஸ்?"

மாமி வந்து சொல்லட்டும் என்று நினைத்தாள். நான் சொல்ல வேண்டும் என்றும் நினைத்தாள். இரண்டுக்கும் நடுவில் போத்தலை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிந்தாள்.

"பிறகு சொல்லுறம்."

"கனகம் அக்கா தந்தது. புள்ளக்கி அந்த வாசம்னா உசுரு. கண் முழிச்சா நெத்தியில மட்டுமாவது கொஞ்சம் தடவ விடுவீங்களா?"

துஷ்யந்தி முடிந்த பையோடு திரும்பி நடந்தாள். கல்லு மனசுக்காரி என்பது அவளுக்கே பொருத்தமாகத் தோன்றியது.

பகல் சாப்பாட்டு நேரம் தாண்டி, ஊசிகளைக் கழற்றி, கட்டுப் போட்டு முடிந்ததும் கனகம் எழுந்தார். சுத்திகரிப்பு முடிந்தால் அவருக்குக் கால் தள்ளாடும். துஷ்யந்தி கையை நீட்டினாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நடைபாதை முழுக்கச் சுவரோடு நடந்தார்.

"நீ இங்கயே நில்லும்மா."

துஷ்யந்தி மூலையில் நின்றாள்.

ஜெமீலா எழுந்து கனகத்தை அணைத்து உட்கார வைத்தார். ஃபிளாஸ்க்கிலிருந்து எதையோ ஊற்றி நீட்டினார். கனகம் வாங்கவில்லை. பேசத் தொடங்கினார். தூரத்தில் எதுவும் கேட்கவில்லை. கனகத்தின் கை மட்டும் தெரிந்தது. பஞ்சைத் தொட்டு வைப்பது போல ஒருமுறை காற்றில் அசைந்தது, பிறகு மடியில் விழுந்தது.

ஜெமீலா கோப்பையை பெஞ்சில் வைத்தார். கனகத்தின் முழங்கை மீதிருந்த தன் கையை எடுத்துக்கொண்டார். எழுந்தார். கண்ணாடிக் கதவுக்குப் போய், நெற்றியைக் கண்ணாடியில் வைத்து உள்ளே பார்த்தபடி நின்றார். திரும்பவில்லை.

கனகம் காத்திருந்தார். ஏசட்டும் என்று காத்திருந்தார் போல. ஒரு சொல்லும் வரவில்லை.

வெகு நேரம் கழித்துத் தானாக எழுந்து, மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நிர்வாகி ரூம் எங்க இருக்கு?"

"மாமி, காணும். மிச்சத்தை நான் சொல்லுறன்."

"நீ சொன்னா, மாமியாளக் காட்டிக் குடுத்தாள்னு ஊர் பேசும். ஏற்கெனவே பேசுறது போதாதா? கூட்டிட்டுப் போ."

கூட்டம் தொடங்கியிருக்கவில்லை. நிர்வாகி கோப்பைகளை எண்ணித் தேநீருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சஜீவன் கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கனகம் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நாலைந்து வசனங்களில் சொல்லி முடித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, அழவும் இல்லை. போத்தலில் தண்ணீர் கலந்தவள் நான், கழுத்தில் வைத்தவளும் நான், இந்தத் தம்பி இல்லை என்றார். துஷ்யந்தி ஆய்வு முடிவைச் சொன்னாள். வெளிப் பொருள் எதையும் உள்ளே விடக் கூடாது என்ற விதியைத் தானே எழுதியதையும், வாரத்தில் இரண்டு நாள் அந்த மணத்தைத் தாண்டித் தானே நடந்ததையும் சொன்னாள். நிர்வாகி கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சஜீவனிடம், நீங்க வேலையப் பாருங்க என்றார்.

சஜீவன் போகவில்லை. கனகத்துக்கு வழிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வாசலில் ரமணன் வேனின் பக்கக் கதவைத் திறந்து வைத்திருந்தான். தாயின் முகத்தைப் பார்த்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"சொல்லிட்டியா?"

துஷ்யந்தி தலையசைத்தாள்.

"மனசு ஆறிச்சா?"

"அவள ஒண்ணும் சொல்லாத." கனகம் படியில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தார். சேலையைச் சரிசெய்துகொண்டார். நாமுனுகுல மலைப் பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரமணா, வெள்ளிக்கிழம கடைய விட்டுட்டு நீ ஓடி வர வேணாம்."

"ஏன்? ஆட்டோல வரப் போறீங்களா?"

"நான் வரல."

"என்னம்மா பேசுறீங்க?"

"அந்தப் புள்ளைங்க மொகத்துல முழிச்சிக்கிட்டு அங்க உக்கார முடியாது. எனக்குப் போதும். வண்டிய எடு."

"மாமி," என்றாள் துஷ்யந்தி.

கனகம் அவள் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. எட்டு மாதத்துக்கு முன் மாடிப்படியில் நின்றபோது இருந்த அதே முகம். அன்று அதில் என்ன இருந்தது என்று துஷ்யந்திக்கு இப்போதுதான் தெரிந்தது. கேட்டால் இல்லையென்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்து கேட்காமலே விட்டுவிடும் முகம் அது.

"போய்ச் சாப்பிடும்மா," என்றார் கனகம்.

ரமணன் கதவை இழுத்து மூடினான். வேன் இறக்கத்தில் இறங்கி, வளைவில் மறைந்தது.

வெள்ளிக்கிழமை வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கனகத்துக்குக் கால் வீங்கும். அதற்கடுத்த செவ்வாயும் வராவிட்டால் மூச்சு முட்டும். அது துஷ்யந்திக்குத் தெரியும். கனகத்துக்கும் தெரியும்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சஜீவன்.

"மிஸ், மர்லியாவுக்குக் காய்ச்சல் கொஞ்சம் எறங்கியிருக்காம். இப்பதான் சொன்னாங்க. கண்ணு இன்னும் முழிக்கல."

"ஜெமீலாவுக்குச் சொல்லியாச்சா?"

"சொன்னேன். ஒண்ணும் பேசல. அழுதாங்க." கொஞ்சம் தயங்கினான். "அம்மா சொன்னது எனக்கும் கேட்டுச்சு மிஸ். வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு பேர் எடம் கேட்டுட்டு இருக்காங்க. ஜன்னலோர மெஷின யாருக்காவது குடுக்கவா?"

"வேண்டாம். மாமிக்கு வையுங்கோ."

"வராட்டி?"

"நான் போய்க் கூட்டி வாறன்."

"கடைத்தெரு வீட்டுக்கா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அந்தத் தெருப் பக்கம் போகாமல் சுற்றுப் பாதையால் டவுனுக்குப் போய்வருவது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்த கதை.

"ஓம்," என்றாள்.

அந்த வீட்டில் இப்போது யார் கதவைத் திறப்பார்கள், திறப்பார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை.